பின்பாரம்: சுமையின் இடத்தைக் குறித்த ஒரு சொல்லின் வரலாறு

மலேசிய நெடுஞ்சாலைகளில் நமக்கு முன்னே செல்லும் சரக்குந்துகளின் பக்கவாட்டில் இரண்டு சுருக்கங்களும் அவற்றின் எதிரே எண்களும் எழுதப்பட்டிருக்கும். ‘பெராட் டெங்கான் முவாத்தான்’ என்பதன் சுருக்கம் ஒன்று. ‘பெராட் தன்பா முவாத்தான்’ என்பதன் சுருக்கம் மற்றொன்று. சுமையோடு கூடிய எடை, சுமையில்லா எடை என்பன அவற்றின் பொருள். இச்சுருக்கங்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘பி.டி.எம்.’ என்று ஒன்றாகிவிடும் என்பது மொழியியலாளனுக்கு ஒரு சிறு வேடிக்கை. சிங்கப்பூரிலும் சரக்குந்துகள் இவ்வாறே தம் எடையை உடலில் எழுதிக்கொண்டு ஓடுகின்றன. ஒரு வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பதை இந்த எண்கள் கூறுகின்றன. அச்சுமை வண்டியின் எப்பகுதியில் அமரவேண்டும் என்பதை அவை கூறுவதில்லை.

இவ்வுரை அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியது. அக்கேள்விக்குத் தமிழில் ஒரு சொல் இருந்தது. அச்சொல்லை நான் முதன்முதலில் கேட்ட இடம் ஒரு சாலையோரச் சாக்கடை.

1971ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. அத்தை மகளின் திருமணத்திற்காக ஈப்போவிலிருந்து தைப்பிங்கிற்கு என் தந்தையாரின் மோரிஸ் மைனர் காரில் புறப்பட்டோம். முன்னிருக்கையில் தந்தையாரின் அருகே பாட்டனார். பின்னிருக்கையில் பாட்டி, அம்மா, சித்தி, அவர்கள் மடியில் நான். காரின் பின்பெட்டியில் ஒரு பிக்குல் அரிசி மூட்டையும் சீர்வரிசைக்கான பித்தளைப் பாத்திரங்களும் இருந்தன. அக்காலத்தில் வடக்கு தெற்கு விரைவுச்சாலை இல்லை. கோலகங்சாரைத் தாண்டியபின் பழைய கூட்டரசுச் சாலை பாடாங் ரெங்காஸ் வழியாகப் புக்கிட் பெராப்பிட் மலைப்பகுதியில் வளைந்து வளைந்து செல்லும். ஓர் இறக்கத்து வளைவில் தந்தையார் வேகத்தைக் குறைக்க முயன்றபோது காரின் பின்பகுதி வெளிப்புறமாக வீசிற்று. அவர் திருப்பியை மறுபுறம் ஒடித்தார். பின்பகுதி அப்புறமாக வீசிற்று. மூன்றாம் வீச்சில் கார் சாலையை விட்டு இறங்கிச் சாக்கடையில் ஒருக்களித்து நின்றது. சித்தியின் மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள் மட்டுமே.

அங்கே கூடியவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்பை வழங்கினர்: சுமை அதிகம். பின்னர் காரைப் பார்த்த பட்டறைக்காரரும் அதையே கூறினார். தந்தையார் மறுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு இதைவிடக் கூடுதலான ஆட்களோடும் பொருள்களோடும் அதே சாலையில் சென்று திரும்பியிருந்தோம் என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பாட்டனார் மட்டும் காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, பின்பெட்டியைத் திறந்து பார்த்துக் கூறினார்: “வண்டி பின்பாரமா இருந்திருக்குப்பா. மூக்கு தூக்கிருச்சு.” மாட்டுவண்டி ஓட்டிய கிழவரின் பேச்சு என்று அதை எல்லாரும் ஒதுக்கிவிட்டனர். அந்நிகழ்வுக்குப் பின் தந்தையார் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டவே இல்லை. அளவுக்கு மீறிச் சுமையேற்றிச் சித்தியின் கையை முறித்தவர் என்ற பேர் உறவினரிடையே அவருக்கு நிலைத்துவிட்டது.

பாட்டனார் இளமையில் தமிழகத்திலிருந்து வந்து பேராக்கில் சாலைப் பணிக்குக் கல்லும் மணலும் ஏற்றிய வண்டிக்காரர். அவருடைய தொழில்மொழியில் பாரம் என்பது ஒரே பொருளன்று. முன்பாரம், பின்பாரம் என்று அது இருவகைப்பட்டது. இரட்டைச் சக்கர மாட்டுவண்டி ஒரு துலாக்கோல் போன்றது; அச்சு அதன் நடுமுள். சுமை அச்சுக்கு முன்னே மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். சுமை அச்சுக்குப் பின்னே மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பும். நுகம் கழுத்தைவிட்டுத் தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். முன்பாரம் மாட்டைக் களைப்படையச் செய்யும். பின்பாரம் மாட்டை மூச்சுத் திணறச் செய்யும். ஆகவே நல்ல வண்டிக்காரன் சுமையைச் சரிபாதியாகவும் வைக்கமாட்டான். சற்றே முன்பாரமாக வைப்பான். நுகம் கழுத்தில் இலேசாக அமர்ந்திருந்தால்தான் வண்டி மாட்டுக்குக் கட்டுப்படும்.

இது நிலையான கணக்கும் அன்று. மேட்டில் ஏறும்போது உயர்ந்து நிற்கும் சுமையின் எடை பின்னோக்கிச் சாய்கிறது. அப்போது வண்டிக்காரன் ஏர்க்காலின் மேல் முன்னேறி அமர்வான். பள்ளத்தில் இறங்கும்போது எடை முன்னோக்கி வருகிறது; அவன் பின்னே நகர்வான், அல்லது இறங்கிப் பின்புறத்தைப் பிடித்துத் தொங்குவான். தன் உடலையே நகரும் எடைக்கல்லாகப் பயன்படுத்திய மனிதன் அவன். எடையின் உயரமும் அவனுக்குத் தெரியும். வைக்கோல் ஏற்றிய வண்டி எடை குறைந்ததே. ஆயினும் பள்ளம் மேடான பாதையில் முதலில் கவிழ்வது அதுதான். வண்டி கவிழ்வதைக் குடை சாய்தல் என்று தமிழர் கூறுவர். வளைந்த கூண்டு பொருத்திய வண்டி பக்கவாட்டில் விழும் தோற்றத்திலிருந்து இவ்வழக்கு பிறந்திருக்கலாம் என்பது என் கருத்து. கூண்டு போயிற்று, குடையும் போயிற்று, இன்றும் நாளிதழ்களில் லாரி குடை சாய்ந்தே கிடக்கிறது.

இத்தகைய நுட்பமான அறிவு நம் இலக்கியத்தில் எந்த அளவுக்குப் பதிவாகியுள்ளது என்று தேடினேன். வண்டியைப் பற்றிய செய்திகளுக்குக் குறைவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரான உமணரின் வண்டியை உறுப்பு உறுப்பாக உவமையோடு விவரிக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் பொகுட்டெழினியைச் சேம அச்சுக்கு உவமையாக்குகிறார். இளைய எருதுகள், மிகுந்த பண்டம், மேடும் பள்ளமுமான வழி. இவற்றை எண்ணி உமணர் வண்டியின் அடியில் கட்டிவைத்த மாற்று அச்சு அது. இன்று காரின் பின்பெட்டியில் நாம் வைத்திருக்கும் மாற்றுச் சக்கரத்தின் மூதாதை என அதைக் கூறலாம். வண்டிச் சுமையைப் பற்றி எல்லாரும் அறிந்த இடம் திருக்குறளின் 475ஆம் குறள். மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்பது அதன் பொருள். அது வலியறிதல் அதிகாரத்தில் வருவது. அரசனுக்குக் கூறிய செய்தி. ஆயினும் பள்ளிக்கூடம் சென்ற தமிழர் ஒவ்வொருவர் மனத்திலும் வண்டிச் சுமை என்றால் முதலில் எழுவது அக்குறளே. அதாவது, எவ்வளவு என்னும் கேள்வி. அச்சு முறிவது எடையின் மிகுதியால்; நுகம் தூக்குவது எடையின் இடத்தால். முன்னதைப் புலவர் பாடினர். பின்னதை வண்டிக்காரர் பேசினர். நாம் முன்னதை மனப்பாடம் செய்தோம். வள்ளுவர்மேல் குறையில்லை. நாம் எந்த நூலகத்தில் தேடுகிறோம் என்பதில்தான் குறை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சிங்கப்பூரின் பழைய இடப்பெயர்களில் வண்டியும் மாடும் நிறைந்திருக்கின்றன. கிரேத்தா ஆயர் என்பது தண்ணீர் வண்டி. மாட்டுவண்டிகளில் நீர் கொண்டுசென்ற காலத்தின் நினைவு. சீனர்களும் அவ்விடத்தை மாட்டுவண்டி நீர் என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். கண்டாங் கெர்பாவ் எருமைக் கொட்டில். அருகில் பஃபலோ ரோடு. சிராங்கூன் சாலையை ஒட்டிய கால்நடைத் தொழிலிலும் வண்டித் தொழிலிலும் தென்னிந்தியர் பலர் ஈடுபட்டிருந்தனர். மலாயில் இன்று காரைக் குறிக்கும் ‘கெரேத்தா’ போர்த்துகீசியச் சொல்லான ‘கரேத்தா’விலிருந்து வந்தது, அதன் முதற்பொருள் வண்டி. மாடு இழுத்தால் கெரேத்தா லெம்பு. நீராவி இழுத்தால் கெரேத்தா ஆப்பி. எதுவும் இழுக்காமல் தானே ஓடினால் வெறும் கெரேத்தா. தமிழில் ‘வண்டி’யும் அவ்வாறே மாட்டிலிருந்து இயந்திரத்திற்குத் தாவியது. ஆங்கிலேயர்கூட அச்சொல்லைப் ‘பேண்டி’ என்று எடுத்துக்கொண்டனர். 1896இல் சி. பி. பக்லி சிங்கப்பூரின் முதல் காரான பென்ஸை ஓட்டியபோது, காப்பி இயந்திரம் என்ற பட்டப்பெயர் அதற்குக் கிடைத்தது. அந்தப் புதுப் பொருள் பின்னர் மலாய் மொழியில் பழைய வண்டியின் பெயரையே எடுத்துக்கொண்டது. பெயர் இடம்பெயர்ந்தது, அதனோடு இருந்த தொழிலறிவு இடம்பெயரவில்லை.

சுமையின் அளவைக் குறிக்கும் சொற்களும் இங்கே ஊடாடியே கிடக்கின்றன. மூன்று பிக்குல் கொண்ட ‘பஹாரா’ என்னும் மலாய் எடையலகு வடமொழிப் ‘பார’த்தின் வழிவந்தது, நம் பாரமும் அதுவே. ‘பிக்குல்’ என்பதன் வேர்ப்பொருள் தோளில் சுமத்தல். ஓர் ஆள் சுமக்கக்கூடியதே ஓரலகு. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் கட்டையிட்டு, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்புமாகச் சுமந்து விற்ற உணவே நாசி கண்டார். அத்தோள்கட்டையின் பெயர்தான் கண்டார். தமிழில் அதன் உடன்பிறப்பு காவடி. இரு முனையும் ஒத்த எடை இல்லையேல் நடக்கவே முடியாது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. சுமக்கின்ற உடலே கற்பித்தது. காரில் அமர்ந்திருப்பவனின் தோள் எதையும் உணர்வதில்லை. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

காரில் சுமை என்ன செய்கிறது? எங்கள் மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அதன் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலான தொலைவு 86 அங்குலம், ஏறத்தாழ 2.18 மீட்டர். பின்பெட்டியோ பின்னச்சுக்கும் பின்னே அமைந்தது. அதில் வைத்த நூறு கிலோ எடையின் நடுப்புள்ளி பின்னச்சிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளியிருந்ததாகக் கொள்வோம். நூறு கிலோவும் பின்சக்கரங்களில் இறங்கியது என்று நாம் நினைப்போம். அவ்வாறன்று. பின்னச்சே நடுமுள்ளாகி, கார் ஏற்றம் இறைக்கும் துலா ஆகிவிடுகிறது. முன்சக்கரங்களிலிருந்து சுமார் 34 கிலோ எடை தூக்கப்படுகிறது. பின்சக்கரங்கள் 134 கிலோவைக் கூடுதலாக ஏற்கின்றன. அதே நூறு கிலோவை இரு அச்சுகளுக்கும் நடுவே வைத்திருந்தால் ஆளுக்கு ஐம்பதாகப் பகிர்ந்திருக்கும். பாட்டனார் கூறிய மூக்குத் தூக்கல் இதுதான். இரவில் பின்பாரமான காரின் விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பதும், திருப்பி கைக்குக் காற்றாய் இலேசாகிவிடுவதும், முன்சக்கரத் தடை சாலையை முழுதாகப் பற்றாமற்போவதும் இதன் விளைவுகளே.

வளைவில் நடப்பது இன்னும் நுட்பமானது. வளைவில் ஓடும் ரப்பர்ச் சக்கரம் தான் நோக்கும் திசையிலேயே துல்லியமாகச் செல்வதில்லை. பக்கவாட்டு விசையால் டயர் சற்றே நெளிந்து, நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜோர்ஜ் புருலியே 1925இல் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். டயரின் மேல் எடை இருமடங்கானால் அதன் பக்கப் பிடிமானம் இருமடங்காவதில்லை, குறைவாகவே கூடுகிறது. ஆகவே மிகுந்த எடை தாங்கும் பின்சக்கரங்கள் வளைவில் மிகுந்த கோணத்தில் வழுவுகின்றன. பின்புறத்து வழுவல் முன்புறத்தை மிஞ்சினால், ஓட்டுநர் திருப்பியதைவிடக் கூடுதலாகக் கார் திரும்புகிறது. அஞ்சி மறுபுறம் ஒடித்தால் அப்புறமாக வீசுகிறது. டயரில் காற்றுக் குறைந்திருந்தால் நெளிவு மேலும் கூடும்.

இதற்குப் பெயர் சூட்டிய வரலாறு மொழியியலாளனுக்குச் சுவையானது. மோரிஸ் ஓல்லி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு 1930இல் அமெரிக்காவின் காடிலாக் பிரிவுக்குச் சென்றார். 1932இல் அவருடைய குழு ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைப் பொருத்தியது. எடைகளை இடம் மாற்றி மாற்றி, கார் எவ்வாறு ஆடுகிறது என்று ஓட்டிப் பார்த்தனர். அமெரிக்கப் பொறியாளர் குழு ஒன்று இரும்புக் கட்டிகளை வைத்துச் செய்ததை, ஏர்க்காலில் முன்னும் பின்னும் நகர்ந்த வண்டிக்காரன் தன் உடலை வைத்துச் செய்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அச்சோதனை பயணச் சொகுசுக்கானதே. ஆனால் அதன் பயனாக 1934இல் வந்த மென்மையான முன்வில் அமைப்பு, கார் திருப்பிக்கு எவ்வாறு கட்டுப்படுகிறது என்னும் அடுத்த கேள்வியை எழுப்பிற்று. பின்புறம் முந்தி வழுவுவதற்கு ‘ஓவர்ஸ்டியர்’ என்றும் முன்புறம் முந்தி வழுவுவதற்கு ‘அண்டர்ஸ்டியர்’ என்றும் வழங்கும் சொற்கள் ஓல்லியின் பெயரோடு இணைத்தே பேசப்படுகின்றன. கார் செய்வோர் பின்னர் வந்தடைந்த பொது முடிவு எது தெரியுமா? முன்புறம் சற்றே முந்தி வழுவட்டும். சாதாரண ஓட்டுநருக்கு அதுவே பாதுகாப்பு. சற்றே முன்பாரம் என்றுதான் வண்டிக்காரனும் கூறினான். இழுவண்டி கட்டி ஓட்டுவோர்க்கும் அமெரிக்காவில் இதே பாடம்: இழுவண்டி எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அழுந்தவேண்டும், கொக்கி மேலே இழுபட்டால் வால் ஆடத் தொடங்கும்.

இங்கே நான் என்னையே கட்டுப்படுத்திக்கொள்ளவேண்டும். பழந்தமிழர் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தனர் என்று பேசும் மேடைகள் நமக்குப் புதியனவல்ல. நான் அந்த அணியைச் சேர்ந்தவனல்லன். மாட்டுவண்டிக்கு டயர் நெளிவு கிடையாது. அது வளைவில் வாலை வீசுவதில்லை. பின்பாரம் என்ற சொல்லுக்குள் ஓல்லியின் கணக்கு இல்லை. எடை எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்கும் பழக்கம் அச்சொல்லில் இருந்தது. அவ்வளவே. ஆனால் அப்பழக்கம் இல்லாதபோது நேர்ந்ததை வரலாறு காட்டுகிறது.

ஷெவ்ரலே கோர்வேர் என்னும் கார் 1960ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் இயந்திரம் பின்னச்சுக்கும் பின்னே இருந்தது. பிறவியிலேயே பின்பாரம் எனலாம். அதைச் சமன்செய்ய, முன் டயரில் 15 இறாத்தல், பின் டயரில் 26 இறாத்தல் எனச் சதுர அங்குலத்திற்குக் காற்றழுத்தம் நிறுவனத்தால் வகுக்கப்பட்டிருந்தது. இந்த வேறுபாட்டின் காரணம் கார் வாங்கியவர்களுக்கு விளங்கவில்லை. எல்லாக் கார்களுக்கும் அடிப்பதுபோல நான்கு சக்கரத்திற்கும் ஒரே அளவு காற்றடித்தால் சமநிலை போயிற்று. ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட ‘எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது’ என்னும் பொருள்படும் நூலின் முதல் இயலே இக்காரைப் பற்றியது. 1972இல் அமெரிக்க அரசு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட ஆய்வு, அக்காலத்து ஒத்த கார்களைவிட இது மோசமானதன்று என்று கூறிற்று என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். வழக்கு எவ்வாறு முடிந்தாலும், பின்பாரக் காரின் பாதுகாப்பு ஒருவரும் விளக்கிச் சொல்லாத ஓர் எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது உண்மை.

அதே நிர்வாகம் 2001இல் பதினைந்து இருக்கை வேன்களைப் பற்றி எச்சரித்தது. ஒற்றை வாகன விபத்துகளில், பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறிய வேன்கள் குடை சாயும் வீதம், குறைந்த ஆட்களோடு சென்றவற்றினதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பதினைந்து இருக்கைக்குப் பதினைந்து பேர் என்பது விதிமீறிய சுமையன்று என்பதைக் கவனிக்கவேண்டும். கடைசி இருக்கை வரிசை பின்னச்சுக்குப் பின்னே நீண்டிருக்கிறது. ஆட்கள் நிறைய நிறைய வண்டியின் நடுப்புள்ளி பின்னோக்கியும் மேல்நோக்கியும் நகர்கிறது. எண்ணிக்கையை மட்டும் எழுதிவைத்த பலகைக்கு இது தெரியாது. அந்த வேனில் ஐந்து பேரே ஏறினால், கடைசி வரிசையை விடுத்து முன்னே அமருங்கள் என்று கூறுவதற்குப் பாட்டனாரின் சொல் ஒன்றே போதும்.

என் பங்குக்கு வருகிறேன். 1980களின் இறுதியில் ஊர்தித் தொழில்நுட்பச் சொற்களைத் தமிழாக்கும் ஒரு குழுவில் நான் மொழியியல் தரப்பில் அமர்ந்திருந்தேன். மகிழுந்து, பேருந்து, சரக்குந்து என ஊர்திகளுக்கு அழகிய பெயர்கள் வழக்கிற்கு வந்துவிட்டன. ஊர்திகள் என்ன செய்கின்றன என்பதற்குத்தான் சொற்கள் வேண்டியிருந்தன. ஓவர்ஸ்டியர், அண்டர்ஸ்டியர் என்ற இரண்டும் பட்டியலில் வந்தன. ‘மிகைத்திருப்பம்’, ‘குறைத்திருப்பம்’ என்று நான் முன்மொழிந்தேன். தேநீர் ஆறுவதற்குள் ஏற்கப்பட்டன. பின்னது ‘குறைத்து இருப்பம்’ என்று பிரிந்துவிடும் அபாயம் உண்டு என ஒரு புலவர் கூறியதைத் தவிர விவாதம் ஏதுமில்லை. அப்போது ஒரு சரக்குந்து ஓட்டுநரை அழைத்து, உங்கள் வண்டி பின்னே வீசினால் என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. முனைவர் பட்டத்திற்காக எத்தனையோ தகவலாளர்களின் பேச்சைப் பதிவு செய்தவன், தன் பாட்டனாரின் பேச்சைப் பதிவு செய்யாமல் விட்டேன். ‘ஓவர்’ என்பதற்கு மிகை, ‘அண்டர்’ என்பதற்குக் குறை: எங்கே என்று கேட்கவேண்டிய இடத்தில் மீண்டும் எவ்வளவு என்றே எழுதிவைத்தேன். மேலைநாட்டுச் சொல்லே அக்குறையை உடையது என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆயினும் ‘பின்வீச்சு’, ‘முன்வழுவல்’ என்ற சொற்கள் எங்கள் வீட்டிலிருந்தே பிறந்திருக்கக்கூடியவை. அச்சொற்பட்டியல் எவர் கையிலும் நெடுங்காலம் நிற்கவில்லை என்பது ஓர் ஆறுதல்.

ஓல்லியின் ஆய்வுகளைப் பற்றி நான் படித்தது 1990களில். அதற்குள் பாட்டனார் காலமாகிவிட்டார். படித்த அன்றே தந்தையாரிடம் சென்றேன். ஒரு தாளில் காரின் பக்கத்தோற்றத்தை வரைந்து, அரிசி மூட்டை இருந்த இடத்தைக் குறித்து, 34 என்றும் 134 என்றும் எழுதிக் காட்டினேன். அன்று சுமை அதிகமில்லை, இடம் தவறு. தாத்தா கூறியதே சரி. முந்தைய ஆண்டு மூட்டைகளைக் காலடியிலும் மடியிலும் வைத்திருந்தோம், அதனால் தப்பினோம் என்றேன். இருபதாண்டுப் பழியிலிருந்து அவரை விடுவிக்கிறேன் என்ற மிதப்பு எனக்கு இருந்திருக்கவேண்டும். அவர் தாளை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். காற்றைப் பற்றி என்னமோ சொன்னாயே, அதைத் திரும்பச் சொல் என்றார். பின் டயரில் காற்றுக் குறைந்தால் நெளிவு கூடும், வழுவல் கூடும் என்று மீண்டும் கூறினேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்குக் காலையில பின்சக்கரம் ரெண்டுலயும் நான்தான் காத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். உன் பாட்டிக்கு முதுகுவலி. மெத்துன்னு ஓடட்டும்னு நெனச்சேன்,” என்றார். “உங்க தாத்தாகிட்டகூடச் சொல்லல.”